கணக்குக்குக் காவடி எதற்கு?

பரீட்சை வந்துவிட்டால் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் சாமி முன் வைத்து எடுத்துக்கொண்டு போவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. திருத்தணியிலோ அதற்காக 365 படியும் ஏறுகிற பிள்ளைகள் உண்டு. ஏறட்டும், காலுக்கு நல்லது. ஆனால் இறங்கி வந்தபின் கேள்வித்தாளில் இருபடி அசமன்பாடு ஒன்று வந்தால் என்ன செய்வது? “நமக்குக் கணக்கு வராது, தலையெழுத்து” என்று பேனாவை மூடி விடுவதைத்தானே காண்கிறோம்!

தலையெழுத்தல்ல, தோழர்களே! சொல்லிக்கொடுக்கும் முறையின் யோக்கியதை அது. “இரண்டு மூலத்துக்கு நடுவே குறை, வெளியே மிகை” என்று ஒரு வரியை மந்திரம்போல் உருப்போட வைக்கிறார்கள். ஏன் என்று கேட்கிற பிள்ளை அதிகப்பிரசங்கி.

நிற்க. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் கடை போடுகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுவோம். அவரிடம் உள்ள தட்டி 40 அடி. நாலு புறமும் நீள்சதுரமாக அடைக்க வேண்டும். உள்ளே 75 சதுர அடிக்குக் குறையக்கூடாது. அகலமும் நீளமும் சேர்ந்து 20 அடி. அகலம் 2 என்றால் நீளம் 18, இடம் 36. அகலம் 5 என்றால் 75. 10 என்றால் 100. 15 என்றால் மறுபடி 75. 18 என்றால் 36. இந்தப் புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் குறித்துச் சேர்த்தால், தணிகை மலைபோல் ஏறி இறங்கும் ஒரு மேடு வருகிறது. 75 என்ற உயரத்தில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். மேடு கோட்டுக்கு மேலே நிற்பது 5 முதல் 15 வரை. அதுதான் விடை. சமன்பாடு 5, 15 என்ற இரண்டு எண்ணோடு நின்றுவிடும். கடைக்காரருக்கு வேண்டியது எதிலிருந்து எதுவரை என்பதல்லவா?

இப்போது மந்திரத்தைப் பாருங்கள். கோட்டுக்கு மேலே மிகை, கீழே குறை என்றால், இங்கே நடுவில் மிகை, வெளியே குறை. உருப்போட்டதற்கு நேர் விரோதம்! வர்க்கத்துக்கு முன் மிகைக் குறி நின்று, படம் கிண்ணம்போல் வரும்போது மாத்திரம் செல்லுகிற வரி அது. இப்படித்தான், ஒரு எண்ணின் வர்க்கம் 9க்கு மேல் என்றால், எண் 3க்கு மேல் என்று மட்டும் எழுதிவிட்டுப் பையன் மார்க்கை இழக்கிறான். குறை 5ஐ வர்க்கம் செய்தாலும் 25 தானே? கிண்ணத்துக்கு இடது பக்கமும் ஒரு கரை உண்டென்று அவனுக்கு யார் படம் போட்டுக் காட்டினார்கள்?

கணக்கு தெய்வ வரம் என்பவர்கள் உடனே இராமானுஜத்தை இழுப்பார்கள். நாமகிரித் தாயார் அருளினாளாம்! இருக்கட்டும். 1913-இல் அவருக்குப் பதில் எழுதிய கேம்பிரிட்ஜ் ஹார்டி கேட்டது பிரசாதமா? நிரூபணத்தையல்லவா கேட்டார்!

அதே கடைக்காரர் அதே தட்டியில் 101 சதுர அடி கேட்டால்? கோடு உச்சிக்கு மேலே போய்விடுகிறது. மேட்டைத் தொடவே இல்லை. நீள்சதுரமாக அடைக்கிற வரையில் அதற்கு விடை கிடையாது. காவடி எடுத்தாலும் கிடையாது.