மாமணிகள் பட்டியலும் ஒரு பி.காம் மாணவியின் கணக்கும்

போன மாதம் எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: "நம் மாவட்டம் தந்த மாமணிகள்". ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தான். அதற்குள் மாமணிகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது போல, பழைய வேலூர் மாவட்டம் முழுவதிலும் தேடிக்கொள்ளலாம் என்று சலுகையும் கொடுத்தார்கள். முன்மாதிரிக்கு ஒரு சீனியர் தயாரித்து வைத்திருந்த பட்டியலையும் கையில் திணித்தார்கள்.

அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெயர் ராபர்ட் கிளைவ். சத்தியமாகச் சொல்கிறேன், கிளைவ்! 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து உள்ளே உட்கார்ந்துகொண்டு ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அதனால் நம்ம ஊர்க்காரராம். ஐம்பது நாள் தங்கினால் மாமணி என்றால், எங்கள் தெரு மாடியில் நாலு வருஷமாக வாடகைக்கு இருக்கிற செல்போன் கடைக்காரருக்குச் சிலையே வைக்கலாம்.

அடுத்து டாக்டர் ராதாகிருஷ்ணன். திருத்தணிப் பக்கம் பிறந்தவர். திருப்பதியிலும் வாலாஜாவிலும் பள்ளிப் படிப்பு, பிறகு வேலூர் ஊரீசு கல்லூரி, அதன் பிறகு சென்னை, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டு, கடைசியில் டெல்லி. இத்தனை ஊரும் பங்கு கேட்டால் நமக்கு எத்தனை சதவீதம் தேறும்? பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் படித்தவர்கள் சொல்லுங்கள்.

காங்கேயநல்லூரில் பிறந்த கிருபானந்த வாரியார் இருக்கிறார். காமன்வெல்த் போட்டியில் 2014-லும் 2018-லும் தங்கம் தூக்கிய சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் இருக்கிறார். இவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. மு.வ. மேல் சுத்தமாக இல்லை. வாலாஜா பக்கம் வேலம் கிராமத்துக்காரர், 1912-ல் பிறந்தவர். திருப்பத்தூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வரை போனவர். போன இடத்திலும் ஊரை மறக்கவில்லை. 1961-ல் சாகித்ய அகாதமி வாங்கிய 'அகல் விளக்கு' நாவலில் வாலாஜா வருகிறது. இப்படிப்பட்டவரைத்தான் ஊர்க்காரர் என்பேன்.

இப்போது ஐடா ஸ்கடர். பட்டியலில் இவர் பெயருக்கு நேராக ஒரே வரி: "1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், சி.எம்.சி. நிறுவனர்". அவர் இங்கே பிறந்ததற்குக் காரணம், அப்பா மிஷனரி டாக்டராக இந்தப் பக்கம் வேலையில் இருந்தார் என்பதுதான். சின்ன வயதிலேயே அமெரிக்கா போய்விட்டார். இந்தியாவுக்கு மிஷனரியாக மட்டும் திரும்பி வரவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்த இடத்தில் ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஆண் டாக்டர் தொடக்கூடாது. ஐடாவோ அப்போது டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்களே, அத்தனைக்கும் ஆரம்பம் அந்த ராத்திரி.

அந்த மூன்று பெண்களின் பெயர் என்ன? எனக்குத் தெரிந்து எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சி தேசிங்கு ராஜா 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் படையோடு மோதிச் செத்தார். அவர் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகப் பாலாற்றங்கரையில் நவாப் ஊர் உண்டாக்கினார் என்று கதை. ஊருக்கு வைத்தது ராணியின் பெயர் அல்ல, ராணி என்கிற பட்டம். கதைப்பாட்டில் 'ராணிபாய்' என்று வரும். அதுவும் பட்டத்துக்குப் பின்னால் ஒரு மரியாதைச் சொல், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெயர் இல்லாத ஊர்ப்பலகையைத் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வெளிநாட்டு ஊர்களுக்கு இந்த மாதிரிப் பட்டியலை எப்படிப் போடுகிறார்கள் என்று தேடினேன். நம்ம ஊர் மாதிரியே தோல், செருப்பு என்று வாழ்ந்த ஊராகப் பார்த்துத் தேடினேன். கிடைத்தது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து பிராக்டன். ரொம்பப் பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை, ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். ஒரு காலத்தில் ஷூ தயாரிப்பில் கொடிகட்டிப் பறந்த ஊர்.

அந்த ஊர்ப் பிரபலங்களில் முதலில் கண்ணில் படுவது ராக்கி மார்சியானோ. குத்துச்சண்டையில் 49 போட்டி, 49-லும் வெற்றி, 1956-ல் ஓய்வு. அவருடைய அப்பா ஷூ ஃபேக்டரித் தொழிலாளி. 2012-ல் மார்சியானோவுக்குச் சிலை வைத்தார்கள். இதுவரைக்கும் நம்ம ஆட்கள் செய்வதுதான்.

ஆனால் அந்த ஊரில் இன்னொரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. 1905 மார்ச் 20-ம் தேதி காலை, குரோவர் ஷூ ஃபேக்டரியில் பாய்லர் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. நாலு மாடி மரக் கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் செத்தார்கள். பல உடல்கள் யாருடையவை என்றே அடையாளம் தெரியவில்லை. அவர்களை ஒரே இடத்தில் புதைத்து, கல்லில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதோடு நிறுத்தவில்லை. 1907-ல் மாசசூசெட்ஸில் பாய்லருக்கென்று சட்டம் வந்தது. அந்த வழியில் வந்ததுதான் ஏ.எஸ்.எம்.இ. பாய்லர் கோட். நம்ம பி.ஹெச்.இ.எல். குவார்ட்டர்ஸில் இருக்கும் நண்பர்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. பிராக்டனில் பெயர் தெரியாமல் செத்த ஷூ தொழிலாளிகள் ராணிப்பேட்டை பாய்லர் பிளான்ட் வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

இப்போது நம்ம ஊர். 2015 ஜனவரி 31. சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் விடியற்காலையில் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் அப்போது ஸ்கூல் பிள்ளை. அன்றைக்கு அம்மா வேலைக்குப் போகவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பெயராவது தெரியுமா என்று என் வகுப்பில் கேட்டேன். அறுபது பேர் இருக்கும் வகுப்பு. ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். கிளைவ் எத்தனை நாள் முற்றுகையில் இருந்தார் என்று மட்டும் தெரிகிறது.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். மு.வ., ஐடா, சதீஷ் எல்லாரையும் வைத்துக்கொண்டேன். கிளைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தப் பத்துப் பேரையும், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தையும் போட்டேன். மலர்க்குழுவில் இருந்த சார் படித்துவிட்டுச் சொன்னது இது: "ஏம்மா, தலைப்பு மாமணிகள். நீ சாவுக் கணக்கும் கேஸ் கட்டும் எழுதிக்கிட்டு வந்திருக்க. பிரபலமானவங்கள எழுதும்மா."

சரி சார், பிரபலம் என்கிற அளவுகோலையே வைத்துக்கொள்வோம். 1991-ல் டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும், சேதம் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்த மாணவரையும் கேளுங்கள், 'வேலூர் கேஸ்' என்றால் தெரியும். எங்கள் பிசினஸ் லா சிலபஸில் இல்லாமல் இருக்கலாம். மற்றபடி பட்டியலில் உள்ள பாதிப் பேரைவிட அந்த மனுதாரர்கள் பிரபலம்.

இன்னொரு பிரபலமும் உண்டு. 2006-ல் நியூயார்க்கில் இருக்கும் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகத்திலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. செர்னோபில் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டை. 1990-களில் மூடிப்போன குரோமேட் கம்பெனி ஒன்று விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னாவது இருக்கும் என்றார்கள். கம்பெனி போய்ப் பல வருஷம் ஆன பிறகும் குவியல் போகவில்லை. நம்ம ஊர் உலகப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்ததாக எனக்குத் தெரிந்தது அந்த ஒரு முறைதான்.

அப்புறம், பெயர்ப் பட்டியல்தானே வேண்டும்? அதுவும் ரெடியாக இருக்கிறது சார். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அமைத்த ஆணையம் 2001 மார்ச்சில், பழைய வேலூர் மாவட்டத்தில் டேனரிகளால் பாதிக்கப்பட்டவர்கள் என்று 29,193 பேரை அடையாளம் கண்டது. 547 டேனரிகள் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தேன், பழக்க தோஷம். தலைக்குச் சராசரி 9,187 ரூபாய். நிலமும் கிணறும் போனதற்கு.

அதையாவது கொடுத்தார்களா என்றால், 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசே கொடுத்துவிட்டு, அப்புறம் மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று. கடன்பட்டவன் 24 வருஷம் தராத தொகையை எங்கள் பாடத்தில் 'வாராக்கடன்' என்று எழுதித் தள்ளுவோம். இங்கே எழுதித் தள்ளப்பட்டது கடன் கொடுத்தவர்களை.

நான் தோல் தொழிலுக்கு எதிரி என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலத்தையும் பார்த்தார், குரோம் வந்த பிறகும் பார்த்தார். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ், ராத்திரி வந்தால் கழுத்து வலிக்குத் தைலம். என் செமஸ்டர் ஃபீஸ் முழுக்கத் தோலிலிருந்து வந்தது. தோல் வியாபாரத்தில் சம்பாதித்ததைக் கல்விக்கும் தர்மத்துக்கும் கொடுத்த மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் சாகிப் பெயரில் 1965 முதல் நடக்கும் கல்லூரியில் என் தோழிகள் படிக்கிறார்கள். அவரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்ல நான் யார்? எடுக்கச் சொல்லவில்லை. வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாத புத்தகத்தை நான் டேலி ஆகிறது என்று சொல்ல மாட்டேன். பி.காம் முதல் வருஷத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான்.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தப் பசங்க பேரு பேப்பர்ல வந்திருக்கும், லைப்ரரில போய்ப் பாரேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். பழைய பேப்பர் எந்த லைப்ரரியில் வைத்திருப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை எனக்கு கிளாஸ் இல்லை.

மலர் அச்சுக்குப் போய்விட்டது. மெய்ப்பு பார்த்த தோழி சொன்னாள், நான் எழுதிய பக்கம் இல்லை, சீனியரின் பட்டியல்தான் போயிருக்கிறது. கிளைவுக்கு அரைப் பக்கம், படத்தோடு.