வேற்றுமை உருபுக்கு ஒரு மானியம்

காது கேளாத மாணவர்களின் வகுப்பறைகளுக்கென்று வரும் மானியம் எதில் செலவாக வேண்டும் என்ற விஷயத்தில் நம் துறையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில் அந்தப் பேச்செல்லாம் அடங்கிப்போய், எதற்கு விலைப்புள்ளி வாங்க முடிகிறதோ அதுவே அத்தியாவசியம் என்று தீர்மானமாகிவிடுகிறது. செவித்துணைக் கருவி வேண்டாமென்று சொல்ல நாம் முன்வரவில்லை. ஒலியைக் கூட்டித் தருவதும் பாஷையைத் தருவதும் ஒன்றே என்னும் பிரமையைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

இந்தப் பிரமை பழையது. 1880இல் மிலன் நகரில் கூடிய மாநாடு வாய்மொழிப் போதனையே சிரேஷ்டமென்று தீர்மானம் செய்ததிலிருந்து நெடுங்காலம் உலகெங்கும் பெரும்பாலான பள்ளிகளில் சைகை மொழி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. 1960இல் மொழியியலாளர் ஸ்டோக்கி அதற்கும் ஆராயத்தக்க அமைப்பு உண்டென்று காட்டிய பிறகும், 1981இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் காது கேளாதோருக்கு இருமொழி வேண்டுமென்று ஒப்புக்கொண்ட பிறகும், கதவு முழுவதும் திறந்துவிடவில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது. 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கிய இந்தியச் சைகை மொழி அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. வகுப்பறைக்கு இன்னும் போதுமான அளவு வந்து சேராதவை சைகையில் சொல்லப்படும் கதைகளே.

மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று 'நாய் பூனை துரத்தியது' என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். உபாத்தியாயர் சிவப்பு மையால் சுழிக்கிறார். துரத்தியது யார், ஓடியது யார் என்பதில் குழந்தைக்குச் சந்தேகமே இல்லை. பூனையை ஒரு பக்கம் நிறுத்தி, நாயை அதன் பின்னால் விரைந்து வரவிட்டுத் தன் இரு கைகளாலேயே அது காட்டிவிடும். உதட்டசைவில் கண்ணுக்கு எளிதில் பிடிபடாத 'ஐ' உருபு ஒன்றுதான் அதற்கு எட்டவில்லை. அர்த்தம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறபோது, உருபை அதோடு பொருத்திக் காட்டுவது ஆசிரியரின் வேலை. காது கேளாத பெரியவர் ஒருவர் கதையைச் சைகையில் சொல்லும் காணொளியும், அதே கதை வேற்றுமை உருபுகள் மட்டும் வேறு நிறத்தில் அச்சான பெரிய எழுத்துப் புத்தகமும் அருகருகே இருந்தால், குழந்தை தானாகவே இங்கும் அங்கும் பார்த்துப் பார்த்துப் படிக்கும். ஒரு பிரதி வீட்டுக்குப் போனால், காது கேட்கும் தாயும் நாலு சைகை கற்றுக்கொள்வாள்.

இதற்கு ஆகும் செலவு சொற்பமே: ஒரு கைப்பேசி, அதை நிறுத்த ஒரு தாங்கி, பின்னால் தொங்கவிடக் கறுப்புத் துணி, அச்சுக் கூலி, கதை சொல்பவருக்கு மதிப்பூதியமும் பஸ் கட்டணமும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு 3,500 ரூபாய் வரை இடமிருக்கிறது. நூலக மானியம் வேறு இருக்கிறது. இடையூறெல்லாம் பயன்பாட்டுச் சான்றிதழில்தான்: பேட்டரி வாங்கினால் பற்றுச்சீட்டு உண்டு, ஒரு மனிதர் ஒரு மணி நேரம் கதை சொன்னதற்குத் தணிக்கைக்காரர் எந்தத் தலைப்பைத் தேடுவார்? மானியம் வழங்குவோர், அரசாயினும் தர்ம ஸ்தாபனமாயினும், தங்கள் படிவத்தில் இந்த மதிப்பூதியத்துக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். அதுவரையில், விண்ணப்பம் எழுதும் ஆசிரியர்கள் கதை சொல்பவரின் ஊதியத்தை முதலிலும் கருவிகளின் பட்டியலை அதன் பின்னும் எழுதுவார்களாக. கத்தரி விழுவது பெரும்பாலும் கடைசி வரிகளில்தான்.