சுவர் முதலில், சூரியன் பிறகு

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகே அமைந்த சிற்றூர் கொல்லயில். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இப்பகுதியை நனைக்கின்றன. ஆதலால், இங்குள்ள பழைய வீடுகளின் சுவர்களில் ஈரம் ஊறுவது இயல்பு.

வெளியூரில் பணிபுரிவோர், முதியோர் வாழும் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கும்போது, முதலில் கூரைமேல் சூரியத் தகடுகளைப் பொருத்தவே விரும்புகின்றனர். 2024ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் இதற்கு 78,000 ரூபாய் வரை மானியம் அளிக்கிறது. மின்கட்டணமும் குறைகிறது. நன்முயற்சியே; ஆயினும், ஈரத்தை நீக்காமல் தகடு பொருத்துதல் முறையன்று.

தகடுகள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைக்கும். அவற்றைத் தாங்கும் கூரை ஒழுகினால், அனைத்தையும் கழற்றிப் பழுதுபார்க்க நேரும், செலவு பெருகும். ஈரச்சுவரில் படரும் பூஞ்சையோ முதியோருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும்.

வண்ணம் பூசி ஈரத்தை மறைப்பது தீர்வாகாது. செங்கல்லும் வெட்டுக்கல்லும் மண்ணிலுள்ள நீரை மேல்நோக்கி உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்நீரை ஆவியாக வெளிவிடும். சிமெண்டுப் பூச்சு உள்ளேயே அடைத்துவிடும். ஆகவே, கூரையைச் சீராக்கி, மழைநீர் அடித்தளத்தை விட்டு விலகியோட வழிசெய்து, பழைய சுவருக்குச் சுண்ணாம்பே பூசுதல் வேண்டும்.

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம்’ என்பது பழமொழி. சுவரைக் காத்தபின் சூரியனை வரவேற்பதே அறிவுடைமை.