வைத்தியத்திற்கு யோக்கியதை யாருக்கு?

நம் நாட்டில் ஒருவனுக்கு வியாதி வருவதற்கு எவ்வித யோக்கியதையும் தேவையில்லை. ஜாதி, சம்பளம், ரேஷன் கார்டு ஒன்றையும் பாராமல் அது வந்துவிடுகிறது. ஆனால் வைத்தியம் செய்துகொள்ள மாத்திரம் ஆயிரத்தெட்டு யோக்கியதைகள் வேண்டியிருக்கின்றன. மருத்துவ இன்ஷூரன்சுக்குத் தாங்கள் பாத்தியப்பட்டவர்களா அல்லவா என்பது குரோம்பேட்டைத் தோழர்களில் பலருக்குத் தெரியாது என்பது மாத்திரமல்ல; தெரிந்துகொள்ள வேண்டும் என்கின்ற எண்ணங்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும் வரையில் உண்டாவதில்லை.

இதற்குக் காரணம் என்ன? வியாதி என்றால் முன் ஜென்மத்துப் பாவம், சனியின் பார்வை, ஆத்தாளின் கோபம் என்று நம் மக்களுக்குக் கற்பித்து வைக்கப்பட்டிருப்பதேயாகும். ஆயுள் விருத்திக்கென்று ஆயுஷ்ஹோமம் செய்விக்கிற குடும்பத்தார், "இது எத்தனை நாளைக்குப் பொறுப்பு? எந்தெந்த வியாதிக்குச் செல்லும்? பலிக்காவிட்டால் பணம் வாபசா?" என்று புரோகிதரை எப்பொழுதாவது கேட்டதுண்டா? கேட்டால் நாஸ்திகன். ஆனால் இன்ஷூரன்ஸ் என்று சொன்ன மாத்திரத்தில், "நல்ல நாளில் வியாதிப் பேச்சு எதற்கு? வாயில் வந்தால் வாழ்வில் வரும்" என்கிறார்கள்.

இத்தனைக்கும் குரோம்பேட்டைக்கு ஸ்தல புராணம் கிடையாது. எந்த முனிவரும் இங்கே தவம் செய்து ஊருக்குப் பேர் வைக்கவில்லை. பல்லாவரம் பக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் 1912-ல் ஏற்படுத்திய குரோம் தோல் கம்பெனியால் வந்த பேர் இது. தோல் பதனிட்ட தொழிலாளியின் பேரில் நிற்கிற ஊரிலாவது தொழிலாளி தன் உரிமைக் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

கணக்கைப் பார்ப்போம். தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ., 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டு, 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கப்பட்டது. இதற்கான சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் மாதம் ரூ. 21,000 ஆக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால், முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் கட்ட வேண்டும். சம்பளம் நடுவில் உச்சவரம்பைத் தாண்டினால் அன்றைக்கே உரிமை போய்விட்டதென்று பயப்பட வேண்டியதில்லை. செப்டம்பரிலோ மார்ச்சிலோ முடிகிற அந்த ஆறு மாதச் சந்தா காலம் முடியும் வரையில் அது தொடரும். ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்தவர்கள் வேலை செய்யும் கடைக்கு இந்தக் கட்டாயம் பொதுவாய்க் கிடையாது.

மற்றொன்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் பேரால் தொடங்கி, 2012-ல் பேர் மாறி, பிறகு மத்திய சர்க்கார் 2018-ல் கொண்டுவந்த திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு வருஷம் ரூ. 5 லட்சம் வரை என்றாயிற்று. இதற்குக் குடும்பத்தின் வருஷ வருமானம் ரூ. 72,000-க்குள் இருக்க வேண்டுமென்றிருந்ததை 2022-ல் ரூ. 1,20,000 ஆக்கினார்கள். இது நல்ல காரியமே, நாம் மறுக்கவில்லை. ஆனால் ரூ. 1,20,000 என்றால் மாதம் பதினாயிரம். நாளைக்கு ரூ. 330 கூட ஆகவில்லை. இது ஓர் ஆளுக்கல்ல, குடும்பம் முழுவதற்கும்!

இப்பொழுது ஒரு தோழரை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையில் மாதம் ரூ. 12,000 சம்பளம். கடை சிறிது, ஆகவே இ.எஸ்.ஐ. இல்லை. வருஷ வருமானம் ரூ. 1,44,000 ஆகிறது, ஆகவே அந்தத் திட்டமும் இல்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் ரூ. 20,000 வாங்குகிறவருக்கு உண்டு, ரூ. 12,000 வாங்குகிற இவருக்கு இல்லை! இது எந்த ஊர் நியாயம்? உண்மையைச் சொன்னால் வைத்தியமில்லை. ஆகவே வருமானத்தைக் குறைத்துச் சொல்லித் தரித்திரத்துக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கு என்று ஒரு சர்க்காரே குடிமகனைத் தூண்டலாமா? பிறகு சர்டிபிகேட்டுக்காகப் புரோக்கர் வருகிறான். புரோகிதனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் பூணூல்தான்.

நிற்க, பெண்கள் விஷயம் இதைவிடக் கேவலமானது. குடும்பம் என்பதை ரேஷன் கார்டைக்கொண்டே தீர்மானிக்கிறார்கள். புருஷன் விட்டுவிட்டுப்போன பெண்ணின் பேர் அவன் கார்டிலேயே கிடந்தால், அவள் தன் பேரில் தனிக் குடும்பமாக நிற்பது எப்படி? அன்றியும் சட்டப்படியான மனைவி என்கிறார்கள். 1967-ல் அண்ணா சர்க்கார் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் செய்திராவிட்டால், ஐயரில்லாமல் மணந்த நம் தோழியர் இந்தத் திட்டத்திலும் வேற்றாளாகவே நின்றிருப்பார்கள். சடங்கு வெறும் சடங்குதானே என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

இரண்டிலும் சேராதவர்களுக்குத் தனியார் கம்பெனி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாய் எடுக்க இடமில்லை என்ற தடை 2024 ஏப்ரல் முதல் நீங்கியது. முன்னமேயுள்ள வியாதிக்குக் காத்திருக்கும் காலமும் அதிகபட்சம் மூன்று வருஷமாகக் குறைந்தது. ஆனால் நம்மவர் செய்வதென்ன? ஜோசியனிடம் பிறந்த நாழிகை விநாடி வரை ஒளிக்காமல் சொல்லுகிறவர், விண்ணப்பத்தில் சர்க்கரை வியாதியை ஒளிக்கிறார். கம்பெனிக்காரன் பின்னால் அதையே சாக்காக வைத்துப் பணம் தர மறுக்கிறான். ஒளிக்கச் சொல்லுகிற ஏஜெண்டு அன்றைக்குக் கமிஷனோடு எங்கோ இருப்பான்.

நாம் சர்க்காரைக் கேட்பது பிச்சையல்ல. கடையில் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் ஏழை வரி கொடுக்கும்போது வருமான சர்டிபிகேட் கேட்பதுண்டா? வரிக்கு வேண்டாத சர்டிபிகேட் வைத்தியத்துக்கு எதற்கு? வருமான வரம்பையே எடுத்துவிட வேண்டும். முடியாதென்றால், இ.எஸ்.ஐ.க்கு வைத்திருக்கும் ரூ. 21,000 அளவுக்காவது இதையும் உயர்த்தட்டும்.

அதுவரையில் தோழர்கள் செய்ய வேண்டியது: சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரம்புக்குள் இருப்பவர்கள் ரேஷன் கார்டையும், வருவாய்த் துறையின் வருமானச் சான்றையும், ஆதாரையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசிலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்கு உடம்பு நன்றாயிருக்கும்போதே போங்கள். அங்கே ராகு காலம் கிடையாது. அட்டை எதுவும் இல்லாதவர்கள் குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு நேரே செல்லலாம். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பெற இந்த அட்டை நிபந்தனையல்ல.