இலைக்கு மருந்து, மண்ணுக்கு யூரியா: இந்தக் கணக்கு தவறு

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் தொழிற்சாலை மதில்களுக்கும் மனைப்பிரிவுக் கற்களுக்கும் நடுவே இன்னும் நெல் விளைகிறது. ஏரித் தண்ணீரிலும் கிணற்றிலும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகம் நடக்கிறது. இங்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டின் நெல் பூமி முழுக்க வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு: பயிர் வெளுத்தால் யூரியா, புள்ளி விழுந்தால் மருந்து, உரம் வேறு, நோய் வேறு. இந்தப் பிரிவினைதான் விவசாயிக்கு இரட்டைச் செலவு வைக்கிறது. பூஞ்சாணம் காற்றிலும் விதையிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கிறது. அது வயலை எந்த அளவுக்குப் பிடிக்கும் என்பதில் நாம் இடும் சத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்கு எதிராக முதலில் வரும் வாதம், நெல்லின் பூஞ்சாண நோயான குலைநோய் யூரியாவுக்கு முந்தியது என்பது. உண்மைதான். இந்தியாவில் அது முதலில் பதிவானது தஞ்சைப் பகுதியில், 1913-இல். 1919-இல் அதே தஞ்சை டெல்டாவில் பெருஞ்சேதம் செய்தது. ரகமும் பனியும் கூடிவந்தால் யூரியா இல்லாமலும் நோய் வரும். ஆனால் வந்த நோய் நாலு இலையோடு நிற்பதும் கதிர்க் கழுத்தைக் கருக்கி மணியைப் பதராக்குவதும் ஒன்றல்ல. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) அளவு மீறினால் இலை கொழுகொழுவென்று வளர்கிறது, செல் சுவர் மெலிகிறது, கரைந்த நைட்ரஜன் சேர்மங்கள் இலையில் தேங்குகின்றன. பூஞ்சாணத்துக்கு அது விருந்து. தூர் அடர்ந்து காற்று புகாமல் போவதால் நவரையின் மார்கழி, தைப் பனி இலையில் வெகுநேரம் உலராமல் நிற்கிறது. ஈர இலையில்தான் வித்து முளைக்கும். நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக, கண்ணைப் போல இருபுறமும் கூரிய அந்தப் புள்ளி, கரும்பச்சையாகத் தழைத்த வயலில் வேகமாகப் பரவுவதற்குக் காரணம் இதுவே. வெள்ளைப் பொன்னியும் பி.பி.டி. 5204-உம் குலைநோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் ரகங்கள். அவற்றில் கடைசி மேலுரத்தைக் கைநிறைய வீசுவது நோய்க்கு நாமே வழி விடுவதாகும்.

இரண்டாவது வாதம், நல்ல மருந்துகள் இருக்கும்போது கவலை எதற்கு என்பது. குலைநோய்க்குப் பரவலாக அடிக்கப்படும் டிரைசைக்ளசோல், பூஞ்சாணம் இலைத்தோலைத் துளைத்து நுழைவதைத் தடுக்கும் மருந்து. நுழைந்து புள்ளியான பிறகு அந்த இலையை மீட்டுத் தராது. அதன் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதென்று 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பைச் சுருக்கியதால் பாசுமதி ஏற்றுமதியாளர்கள் திணறினார்கள். மற்றொரு பூஞ்சாண நோயான இலையுறைக் கருகலில் நிலைமை இன்னும் தெளிவு. அந்தப் பூஞ்சாணத்தின் பழுப்பு நிற உறங்கு முடிச்சுகள் மண்ணில் காத்திருந்து, சேறடிக்கும்போது மிதந்து, குப்பையோடு வரப்போரம் ஒதுங்கி, தண்ணீர் மட்டத்தில் தண்டைத் தொடுகின்றன. இலைமேல் அடிக்கும் மருந்து அவை இருக்கும் இடத்துக்கே போவதில்லை. அந்த வரப்போரக் குப்பையை வாரி வெளியே போடுவது ஒரு தெளிப்பைவிடப் பயன் தரலாம்.

அப்படியானால் உரத்தையே குறைத்துவிடலாமா? கூடாது, இங்கேதான் இயற்கை உரம் போதும், நோய் வராது என்ற எதிர்த்தரப்பும் தவறுகிறது. எள் விதை சிதறியதுபோல் பழுப்புப் புள்ளிகள் விழும் செம்புள்ளி நோய் பசித்த மண்ணின் நோய். 1942-இல் வங்காளத்து நெல்லை அது கடுமையாகத் தாக்கியது. மறு ஆண்டுப் பஞ்சத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள், ஆனால் பயிர் அழிந்ததில் ஐயமில்லை. சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) சிலிக்காவும் குன்றிய மண்ணில் அது கொழிக்கிறது. நெல் எடுத்துக்கொள்ளும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. அறுவடை இயந்திரம் போனதும் வைக்கோல் கட்டுக்கட்டாக லாரியேறி வெளியூர் மாட்டுப் பண்ணைக்குப் போகிறது. சாணமாக அது திரும்பி வர இந்த ஊர்களில் மாடுகளே குறைந்துவிட்டன. போகத்துக்குப் போகம் பொட்டாஷை வெளியேற்றிவிட்டு யூரியாவை மட்டும் நிரப்பினால் மண்ணின் கணக்கு ஒருபுறமாகச் சாய்கிறது. சிலிக்காவும் அப்படியே. அது இலைத்தோலைக் கெட்டியாக்கும் என்பதால் ஜப்பான் 1955-இலேயே சிலிக்கேட்டை உரமாக ஏற்றது. நம் அரிசி ஆலைகளின் உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைச் சாலையோரம் கொட்டிவிட்டு மருந்துக்கடைக்குப் போகிறோம்.

விவசாயியைக் குறை சொல்வது சரியல்ல. 45 கிலோ யூரியா மூட்டை ₹266.50. 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபின் பொட்டாஷ், பாஸ்பேட் விலைகள் ஏறின, யூரியா விலை மட்டும் கட்டுக்குள் நின்றது. மலிவானதைக் கூடுதலாகப் போடத் தூண்டியது கொள்கைதான். ஆள் கிடைக்காததும் உண்மை; கம்பெனி வேன் ஏறும் பிள்ளைகள் வயலில் இறங்குவதில்லை. ஆனால் எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 120:40:40 கிலோ என்ற பொதுப் பரிந்துரையை ஏக்கருக்கு மாற்றினால் இரண்டேகால் மூட்டை யூரியாவுக்குச் சற்று மேலே, பொட்டாஷ் அரை மூட்டைக்குச் சற்று மேலே. யூரியாவை நான்காகப் பிரித்து இடுவதற்குக் கூடுதல் மூட்டை வேண்டாம். இலை வண்ண அட்டையை இலையோடு வைத்துப் பார்க்கக் கூலியாளும் வேண்டாம். அட்டையின் நிற எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே போனால் மட்டும் மேலுரம்.

கனமான ஆட்சேபம் ஒன்று மிஞ்சுகிறது. குத்தகை ஒரு போகத்துக்குத்தான், அடுத்த ஆண்டு இந்த நிலம் மனையாகலாம், எவருடைய மண்ணை நான் வளர்ப்பது? வண்டல் அடிப்பதும் தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும் முழுப் பலன் தர ஆண்டுகள் ஆகும். அதைக் குத்தகைக்காரரிடம் கேட்பது நியாயமில்லை, நில உரிமையாளரிடம் கேட்கலாம். போகத்துக்குள்ளேயே பலன் தருபவை வேறு. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலப்பது, பொட்டாஷில் பாதியைக் கதிர் உருவாகும் பருவத்துக்கு வைத்திருப்பது, குலைநோய்ப் புள்ளி கண்ட வாரத்தில் யூரியா மூட்டையைப் பிரிக்காமல் வீட்டிலேயே வைப்பது. இவற்றின் பலன், நிலம் கைமாறுவதற்கு முன்பே களத்துக்கு வந்துவிடும்.