சாவித்திரியைச் சாய்த்தது குடி மட்டுமா?

காஞ்சிபுரம்: பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் ஓய்ந்தால் திண்ணையில் சினிமாப் பேச்சுதான். சாவித்திரி என்றாலே, ‘குடிச்சே அழிஞ்சாங்க’ என்று ஒரே வரியில் முடித்து விடுவார்கள். அது பாதிக் கதை. நடித்தவரைக்கும் சம்பளம் வந்தது. சொந்தக் காசைப் போட்டதும்தான் வினை.

தெலுங்கில் 1964-ல் சக்கைப்போடு போட்ட ‘மூக மனசுலு’வை நம்பி, ‘பிராப்தம்’ (1971) படத்தை அவரே தயாரித்து இயக்கினார். சிவாஜி நடித்தும் படம் ஊத்திக்கிச்சு. கடன், வருமானவரி என்று நெருக்க, சொத்தெல்லாம் கைவிட்டுப் போனது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்து, 1981 டிசம்பர் 26-ல் இறந்தார். பட்டத்து ராணியாக இருந்தவர்!

கூலி நெசவை விட்டுட்டு, கடனுக்குப் பட்டும் ஜரிகையும் வாங்கி நெய்து, புடவை விலை போகாமல் முழிக்கும் நெசவாளிக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும்.