லேப்பைக் கழிக்க முதல் ஒரு பென்ட்ரைவைப் போட்டுப் பாருங்கள்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நம்ம பக்கம் எங்கே போனாலும் ஒரே பேச்சு: "கொம்பியூட்டர் லேப் பழசாப் போச்சு, புது மெஷின் வேணும்." பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடுகிறது. பழைய மாணவர் வட்ஸ்அப் குழுமத்தில் கட்டாருக்கும் சவூதிக்கும் கோரிக்கை பறக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். மெஷின் பழுதாகிவிட்டதா, இல்லை பழுது என்று யாரும் சொல்லிவிட்டார்களா?

நடந்தது இது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போடுவதென்றால் டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசஸர் வேண்டும். நம்ம லேப்களில் இருப்பது அதற்கு முந்தியவை. மதர்போர்ட் எரியவில்லை, ஹார்ட் டிஸ்க் சாகவில்லை. ஒரு கம்பனி எடுத்த முடிவுக்காக நல்ல சாமானைக் கழிக்கப் போகிறோம். வீண்விரயத்தைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிற நாம்தான் இதையும் செய்கிறோம்.

"ஒன்றும் செலவழிக்கத் தேவையில்லை, கிரேக் விண்டோஸ் 11 அடிக்கலாம்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு டொபி வாங்கினால் அதில் ஜெலட்டின் இருக்கா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். கள்ளப் பிரதியைப் பிள்ளைகளின் மேசையில் வைக்கும்போது மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் உலமா இல்லை. ஆசிரியராகச் சொல்கிறேன்: எதைப் போட்டுக் கொடுக்கிறோமோ அதைத்தான் பிள்ளை படிக்கும். கிரேக்கோடு வைரஸும் சேர்ந்து வருவது வேறு கதை.

லினக்ஸ் என்றதும் எல்லோரும் பின்வாங்குவது ஒரு பயத்தால்: "விண்டோஸ் அழிஞ்சிடும், ஃபைல் எல்லாம் போயிடும்." இந்தப் பயத்துக்கு 25 வருடத்துக்கு முன்பே மருந்து வந்துவிட்டது. 2000இல் ஜெர்மனியின் கிளவுஸ் நொப்பர் வெளியிட்ட நொப்பிக்ஸ், சீடியிலிருந்தே ஓடியது. இன்று அதே வேலையை ஒரு 8 ஜிபி பென்ட்ரைவ் செய்கிறது.

செய்யும் முறை: லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு ஐ.எஸ்.ஓ. ஃபைலை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் பண்ணுங்கள். ரூபஸ் என்ற இலவசக் கருவியால் அதைப் பென்னில் எழுதுங்கள். பென்னில் முன்பு இருந்தவை அழியும், ஆகவே வெறும் பென்னை எடுங்கள். மெஷினை ரீஸ்டார்ட் பண்ணி டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்.பி. என்றால் எஃப்9 அழுத்திப் பென்னைத் தெரிவு செய்யுங்கள். லினக்ஸ் ரெமில் ஓடும். இன்டர்நெட், பிரின்டர், சத்தம், தமிழ் எழுத்து எல்லாவற்றையும் சோதியுங்கள். "இன்ஸ்டோல்" என்பதை மட்டும் தொடாதீர்கள். நிறுத்திப் பென்னைக் கழற்றினால் விண்டோஸ் இருந்தபடியே வரும். பிட்லொக்கர் போட்ட லெப்டொப் என்றால் ரிகவரி கீயை முதலில் எழுதி வையுங்கள்.

குறையும் உண்டு. பென்னிலிருந்து ஓடும்போது வேகம் குறைவு. அதில் சேமித்தவை மெஷினை நிறுத்தினால் போய்விடும். சில வைஃபை டொங்கிள் வேலை செய்யாது. அதனால்தான் முதலில் சோதிக்கச் சொல்கிறேன்.

"பரீட்சைக்கு உதவாதே, சேர்?" விரிதாளில் கூட்டுத்தொகைக்கு எக்செலிலும் சம்தான், லிப்ரே ஒபிஸிலும் சம்தான். "பாமினியில் அடித்த வினாத்தாள்?" பாமினி எழுத்துருவைக் கொப்பி பண்ணிப் போட்டால் லினக்ஸிலும் திறக்கும். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் உள்ள அலுவலக மெஷினை அப்படியே விடுங்கள். நான் பேசுவது பிள்ளைகளின் லேப்பைப் பற்றி.

"இலவசச் சாமான் தரமில்லை" என்போருக்கு இரண்டு பதில். கேரள அரசின் கைட் நிறுவனம் 2019இல் பாடசாலைகளின் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பைக் கொடுத்தது. மலப்புரத்துப் பிள்ளை பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைப் பரீட்சையை லினக்ஸில்தான் எழுதுகிறது. நம்ம பிள்ளைக்கு மட்டும் முடியாதா?

மற்றது நம்ம கரையோடு சம்பந்தப்பட்டது. 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அப்போது காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய நம் நாட்டு மென்பொருளாளர்கள் அவசர அவசரமாகக் கட்டி எழுப்பிய சஹானா, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் உதவியது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் பெற்றது. நம்ம மையித்துக் கணக்கு எடுக்க உதவியதைத் தரமில்லை என்று எந்த வாயால் சொல்வது?

சங்க நிர்வாகிகளே, பழைய மாணவர்களே, நிதி சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முதல் ஒரு மாலை, ஒரு மெஷின், ஒரு பென். ஓடாத மெஷின்களை எண்ணி அதற்கு மட்டும் காசு கேளுங்கள். ஓடுகிறவற்றுக்கான காசு பிள்ளைகளின் இன்டர்நெட் பில்லுக்கும் பிரின்டர் மைக்கும் போகட்டும். பென் எழுதத் தெரியாதவர்கள் கொமன்டில் சொல்லுங்கள், பாடசாலை விட்ட பிறகு வந்து எழுதித் தருகிறேன்.